எட்டரைப் புள்ளி

நான்கு மொழிகளில் ஒரு கடிதம்.
மொழிக்கு ஒரு பக்கம்.
ஆங்கிலம் பத்துப் புள்ளி எழுத்தில்
காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.
சீனம் பாதிப் பக்கத்தில் வேலையை முடித்துக்கொண்டு
வீட்டுக்குப் போய்விடும்.
ரோஸ்னாவின் மலாய்க்கு
ஓரத்தில் படம் வைக்கக்கூட இடம் உண்டு.
தமிழ் மட்டும் எப்போதும் வழிகிறது.
அதனால் தமிழுக்கு ஒன்பது புள்ளி.

இந்த முறை சீர்திருத்தம்.
மானியத்தின் படிகள் மாறுகின்றன.
பதினொன்றாம் மாடியில்
குளிர்சாதனத்துக்குப் பயந்து சட்டைமேல் சட்டை போட்டு
டிடக்டிபிள் என்ற சொல்லோடு மூன்று நாள் கிடந்தேன்.
கழிவுத்தொகை என்றால்
குப்பைக்குப் போகும் காசு என்று படிப்பார்கள்.
பிடித்தம் என்றால்
எங்கிருந்தோ பிரியம் வந்துவிடுகிறது.
கடைசியில்
'காப்புறுதி தொடங்குமுன் நீங்கள் செலுத்த வேண்டிய முதல் தொகை'
என்று வைத்தேன்.
ஒரு சொல் ஏழு சொல் ஆயிற்று.
மறுபடி வழிந்தது.

திருமதி லோ கெட்டவர் அல்லர்.
ஒரு வரைபடம் காட்டினார்.
கீழே ஊசிமுனை போல இளையர்கள்
மேலே அகன்று அகன்று முதியவர்கள்.
பம்பரம்தான் அது.
"சுற்றிக்கொண்டே இருந்தால்தான் நிற்கும்" என்றார்.
எதுவும் இலவசம் இல்லை.
எவரும் கைவிடப்படுவதில்லை.
இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் உள்ள சந்தில்
அவருக்கும் வேலை
எனக்கும் வேலை.

கணக்கு பொய் சொல்லவில்லை.
என் மகள் ஏழாம் மாதத்தில் அவசரப்பட்டு வந்து
கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த அந்த வாரங்களின் பில்
மானியம் போக, மெடிசேவ் போக
சட்டைப்பையில் மடித்து வைக்குமளவு சுருங்கியதைப்
பார்த்தவன் நான்.
அந்தத் தாள் இன்னும் இருக்கிறது
அவள் முதல் வளையலுக்கு அடியில்.

யீஷூன் காப்பிக்கடையில்
வேதையன் கடிதத்தை நீட்டினார்.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர்.
சீனி ஏறிய நாளிலிருந்து தே ஓ கோசோங்.
இப்போது சிறுநீரகத்திலும் ஏதோ.
என் வாக்கியம்தான்:
'உங்கள் குடும்பத்தில் தலைக்குரிய வருமானம் உயர்ந்துள்ளதால்
உங்கள் மானிய விகிதம் மாற்றியமைக்கப்படுகிறது.'
குறைக்கப்படுகிறது என்றுதான் எழுதினேன்.
கூட்டத்தில் மாற்றியமைத்தார்கள்.

"யாரு குடும்பம் இது?" என்றார்.
அண்ணன் வீட்டில் ஓர் அறை.
அண்ணன் மகனுக்கு வங்கியில் வேலை.
அவன் இவரோடு பேசிப் பதினாலு மாசம்.
கதவு எண் ஒன்று என்றால்
உலையும் ஒன்று என்று படிவம் நம்புகிறது.
"அவனுக்குச் சம்பளம் ஏறுனதே
இந்தக் கடிதாசி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.
நல்லாருக்கட்டும்."

மேல்முறையீடு செய்யலாமே என்றேன்.
"எங்க போட்டிருக்கு?"
கடைசி வரியில் என்றேன்.
விரலை வைத்துக் கீழே கீழே போனார்.
கையெழுத்து வந்துவிட்டது.
ஆங்கிலப் பக்கத்தைத் திருப்பினேன்.
இருந்தது.
சீனத்திலும் இருந்தது.
தமிழில் வழிந்துபோன வரி
அதுதான்.

அவர் பேருந்துக்கு நேரமாகிவிட்டது.
கடிதத்தின் ஓரத்திலேயே
கவுண்டர் எண்ணை எழுதிக் கொடுத்தேன்.
அரசாங்கத் தாளில் நான் கையால் எழுதிய
ஒரே தமிழ்.

திங்கட்கிழமை
வடிவமைப்பு மேசையில் ஹஃபிஸ்
திரையைப் பெரிதாக்கினார், சிறிதாக்கினார்.
பக்கத்தைக் கூட்ட முடியாதாம்.
அதற்கு இன்னொரு குழு, இன்னொரு நிதியாண்டு.
"எழுத்தை அரைப் புள்ளி இறக்கினால்
அந்த வரி உட்கார்ந்துவிடும்" என்றார்.

இறக்குங்கள் என்றேன்.

என் பங்குக்குச் செய்த சீர்திருத்தம் இது.
இனி வேதையன்
மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.
அதற்கு மெடிசேவ் செல்லாது.